பிரித்துவிட்ட தையல்

அந்தத் தெருவில் தையற்காரம்மா என்றால்தான் அவளைத் தெரியும். முப்பது வருடமாக ஊரார் உடம்பை அளந்து, யார் மனமும் நோகாமல் குறையை மறைத்துத் தைத்துக் கொடுத்த கை அவளுடையது. அதே கைதான் கட்டிய கணவனின் மனதைக் கிழித்தது!

அவருக்குத் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தும் வேலை. உட்கார்ந்தே உடம்பு பெருத்து, வலது முழங்கால் தேய்ந்துவிட்டது.

"பன்னிரண்டு கிலோ குறைச்சுட்டு வாங்க, ஆபரேஷன் பண்ணிடலாம். குறையும்னு முதல்ல நீங்க நம்பணும்" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, "நான் இளைக்கிறேன், நல்லா இளைக்கிறேன்" என்று சொல்லத் தொடங்கினார்.

"சத்தமா சொல்லுங்கப்பா, தொப்பைக்குக் காது கேக்கலபோல" என்று மகள் வம்பிழுப்பாள்.

இரண்டே வாரத்தில் அவர் சோர்ந்தார். "விடு, இது ஆகுற கதையில்ல." அந்த வாடிய முகத்தை அவளால் தாங்க முடியவில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் பேன்ட்டின் பின்தையலைப் பிரித்து, உள்ளே மடங்கியிருந்த துணியில் அரை விரல் வெளியே எடுத்துத் தைத்து வைத்தாள்.

"ஏய், இங்க ஓடி வா! இடுப்பு லூசாயிருக்கு பாரு!"

"நான் சொல்லல? மனசு வச்சா நடக்குங்க."

மனசு வைத்தார். மாலையில் நடந்தார். மறுசோறு வேண்டாமென்றார். அவளும் நிறுத்தவில்லை. மாதம் ஒருமுறை மூன்று பேன்ட்டிலும் தையல் நகர்ந்தது.

மூன்று மாதம் கழித்து டாக்டரின் எடை மெஷின் நாலு கிலோ குறைந்ததாகக் காட்டியது. உண்மையாகவே குறைந்த நாலு கிலோ! டாக்டர் கைகொடுத்தார். அவரோ விழித்தார். "பேன்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது. வெறும் நாலுதானா?"

வீட்டுக்கு வந்ததும் பேன்ட்டை உள்பக்கம் திருப்பினார். பழைய ஊசித் துளைகள் வரிசையாக நின்றன.

"நீங்க மனசு விட்டுடக் கூடாதுன்னுதாங்க..."

"அப்ப நான் இளைக்கவே இல்ல."

"நாலு கிலோ நிஜங்க! சத்தியமா!"

"உன் சத்தியத்துல எத்தனை விரல் பிரிச்சு விட்டிருக்க?"

மறுநாள் முதல் நடையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. அழுதாள், கெஞ்சினாள், மகளை விட்டுப் பேச வைத்தாள். ஒன்றும் எடுபடவில்லை. மூன்று மாதத்தில் அந்த நாலு கிலோவும் திரும்பி வந்தது, கூடவே இன்னொன்றும். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார் டாக்டர்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, வீட்டு மாடிப்படியில் மூன்றாம் படியிலேயே முழங்கால் மடங்க மறுத்தது. கம்பியைப் பிடித்தபடி அவர் நின்றார். அவள் பதறி ஓடி, முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.

"கைய எடு" என்றார், கோபமே இல்லாமல். "நானா ஏறுறேனா, நீ ஏத்துறியான்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது."

அவள் கையை எடுத்துக்கொண்டு ஒரு படி கீழே நின்றாள்.