மேரி டீச்சர் வேண்டாமென்ற சேவல்

சென்ற மாதம் ஜெயங்கொண்டம் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். வரதராஜன்பேட்டை பஸ்ஸிலிருந்து எங்கள் பழைய பள்ளியின் ஆயா இறங்கினார். என்னைக் கண்டதும் வேகமாக வந்தார். "ஒங்க வூட்டுக்குத்தாம்மா கெளம்புனேன். மேரி டீச்சர் போயிட்டாங்க. நேத்து அடக்கம் முடிஞ்சுது" என்றார். நான் போகவேண்டிய பஸ் வந்தது, நின்றது, கிளம்பிப் போனது. நான் ஏறவில்லை.

ஆரோக்கியமேரி டீச்சரிடம் படித்தவர்களுக்கு அவருடைய கணக்கு வகுப்பு நினைவிருக்கும். பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திய எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் வளர்த்த நாட்டுக்கோழிகள்தான்.

ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் கோழிகளைப் பிரிப்பார். எதை இனத்துக்கு நிறுத்துவது, எதை விற்பது என்று முடிவு செய்யும் நாள் அது. ஒவ்வொன்றையும் தூக்கி நெஞ்செலும்பை விரலால் தடவுவார், கால்விரல்களைப் பிரித்துப் பார்ப்பார். ஒருமுறை பளபளவென்றிருந்த கரும்பெட்டை ஒன்றை விற்கும் கூடையில் போட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. "இவ்வளவு அழகா இருக்கே டீச்சர்?" என்றேன்.

"அழகுதான். ஆனா அடையில உக்காந்தா பாதியில எந்திரிச்சுப் போயிடுது. அதுக்குப் பொறக்கறதும் அப்படித்தான் போவும்." பருந்தோடு சண்டை போட்டுக் கழுத்திறகு உதிர்ந்துபோன ஒரு பெட்டையை நிறுத்திக்கொண்டார்.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு கோடையில் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தது. ஒரு சேவல்கூடக் கூவாமல் எங்கள் தெரு விடிந்தது. டீச்சரிடம் மிஞ்சியவை சில பெட்டைகள் மட்டுமே. பண்ணையிலிருந்து வெள்ளைச் சேவல் வாங்கி விடச் சொன்னார்கள். "அப்புறம் அடைக்கே உக்காராத கோழிதான் பொறக்கும்" என்று மறுத்துவிட்டார்.

அவர் கோழிகளின் வம்சம் இன்னும் ஓர் இடத்தில் இருந்தது. தா.பழூருக்கு அப்பால், வயல் நடுவே டீச்சருடைய அண்ணன் சவரிமுத்துவின் வீடு. அவர்களுடைய அம்மா கடைசிக் காலத்தில் மகள் வீட்டிலிருந்து அங்கே போனபோது சில கோழிகளையும் கொண்டுபோயிருந்தார். அம்மாவை யார் வைத்துப் பார்ப்பது என்ற சண்டையில்தான் அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள். அம்மாவின் அடக்கத்தில்கூட ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். பல நாள் யோசித்துவிட்டு, "தொணைக்கு வரீங்களா?" என்று டீச்சர் என்னைக் கேட்டார்.

நாங்கள் போனபோது அண்ணன் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். வா என்று சொல்லவில்லை.

"அம்மா கொண்டாந்த கோழியில சேவல் ஒண்ணு வேணும்ண்ணே. எங்கிட்ட எல்லாம் செத்துப்போச்சு" என்றார் டீச்சர்.

அண்ணன் எழுந்துபோய், பஞ்சாரக் கூடையைத் தூக்கி, பெரிய செஞ்சேவல் ஒன்றைப் பிடித்துவந்து தங்கையிடம் நீட்டினார். மாப்பிள்ளை விருந்துக்கென்று வளர்த்ததாம். நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன்.

டீச்சர் திண்ணையில் உட்கார்ந்து அதன் நெஞ்சைத் தடவினார். மறுபடியும் தடவினார். கீழே விட்டார். "இது வேணாம்ண்ணே. நெஞ்செலும்பு கோணலா இருக்கு."

"இத்தன வருசம் கழிச்சு வந்து, குடுத்ததுல கோணல் பாக்குறியா?" அண்ணனின் குரல் உயர்ந்தது.

டீச்சர் எழுந்திருக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "விருந்துக்கு நல்ல சேவல்தான். எனக்கு இனத்துக்கு வேணும். வேற இல்லன்னா பரவால்லண்ணே."

அண்ணி உள்ளேயிருந்து வந்தார். "மேயப் போன எளஞ்சேவல் ஒண்ணு இருக்கு. பொழுது சாஞ்சாத்தான் வூடு வரும்."

"இருந்து பாத்துட்டுப் போறேன்" என்றார் டீச்சர்.

அண்ணி வரக்காப்பி கொடுத்தார். அண்ணன் மறுபடியும் கயிறு திரிக்க உட்கார்ந்தார். பிறகு அண்ணன் கயிற்றைப் பார்த்தபடியே, "கடைசியில அம்மா ஒன்னத்தான் கேட்டுச்சு, மேரி. நாந்தான் ஆள் அனுப்பல" என்றார்.

டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது ஓய்ந்தபின், "நானுந்தான் கூப்புடாம வரமாட்டேன்னு இருந்தேன்" என்றார்.

பொழுது சாய்ந்ததும் கோழிகள் வந்தன. அந்த இளஞ்சேவல் ஒல்லியாக, மங்கிய நிறத்தில் இருந்தது. அண்ணன் ஒரு பிடி கம்பை இறைத்தார். அது தான் கொத்தாமல் பெட்டைகளைக் கூப்பிட்டுவிட்டு, அவை தின்னத் தொடங்கும்வரை நின்றது. டீச்சர் அதைப் பிடித்து நெஞ்சைத் தடவினார். "இதுதாண்ணே!" அண்ணன் சிரித்துவிட்டார். பஸ் நிறுத்தம்வரை சேவலை அவரே தூக்கிவந்தார்.

அதன் குஞ்சுகள் எங்கள் தெருவில் பல வீடுகளுக்குப் போயின. அண்ணன் ஒவ்வொரு தேர்த் திருவிழாவுக்கும் தங்கை வீட்டுக்கு வந்தார். தள்ளாத வயதிலும் டீச்சரின் குழியில் முதல் பிடி மண்ணை அவர்தான் போட்டாராம்.

வேண்டாம் என்று சொன்னால் உறவு போய்விடும் என்று பயந்தே வாழ்ந்தவள் நான். அப்படிச் சொல்லிவிட்டு, எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கவும் முடியும் என்பதை அன்று கண்டேன். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். இன்னும் முழுதாகப் பழகவில்லை.