தூக்கி வந்த குழந்தை கணக்கில் வராது

உள்ளே நுழையும் ஒவ்வொரு தலைக்கும் வலது கையிலிருக்கும் எண்ணும் கருவியில் ஒரு அழுத்து. வெளியே வரும் தலைக்கு இடது கையில் ஒரு அழுத்து. பேசினாலும் தும்மினாலும் கட்டைவிரல்கள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். கடலோரப் பூங்காவுக்குள் இருக்கும் பழைய கோட்டையின் வாசலில், பதினொரு வருடமாக, 'கேட் அக்கா' தேய்ந்து கேட்டக்காவாகிவிட்டவளுக்கு இதுதான் பிழைப்பு.

கோட்டைக்கு முந்நூறு வயதாம். தன்னுடைய அலுப்புக்கு அதைவிடக் கூட இருக்கும் என்பது அவள் கட்சி. போரைப் பற்றியோ பீரங்கியைப் பற்றியோ அவளிடம் யாரும் கேட்டதில்லை. "டாய்லெட் எங்கக்கா?" என்பதோடு சரித்திர ஆராய்ச்சி முடிந்துவிடும். நேற்று ஒரு கல்லூரிக் கூட்டம், "உள்ள பேய் இருக்காமே?" என்று இளித்தது. "அஞ்சரை வரைக்கும் என் டூட்டி. அப்புறம்தான் அது வரும்" என்றாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல்.

ஐந்தரைக்கு இரண்டு எண்களும் ஒத்துப்போனால்தான் பூட்ட வேண்டும். போன மாதம் பஸ் அவசரத்தில் எண்ணைப் பார்க்காமலே பூட்டிவிட்டாள். சுவரில் பெயர் கிறுக்கப் போன ஒரு ஜோடி விடிய விடியக் கொசுவுக்குத் தீனி. "இன்னொரு தடவ ஆள உள்ள வச்சுப் பூட்டினீங்க, அப்புறம் உங்க வீட்டுக் கதவத்தான் பூட்டித் திறக்கணும்" என்றார் சூப்பர்வைசர்.

இன்றைக்கு உள்ளே இருநூற்றுப் பதினாலு, வெளியே இருநூற்றுப் பதினாலு. கடைசி பஸ் ஹாரன் அடித்தது. "கணக்கு சரியா இருக்கு தம்பி, பூட்டிட்டு வந்துடறேன்!" என்று குரல் கொடுத்தாள். சாவியை நுழைத்தவள் அப்படியே நின்றாள். கடைசியாகக் குதித்துக்கொண்டு வெளியே போன குட்டிப் பெண்ணுக்கு ஒரு அழுத்து போட்டாயிற்று. மத்தியானம் அவள் அப்பன் தோளில் தூங்கிக்கொண்டல்லவா வந்தாள்? தூக்கி வரும் குழந்தைக்கு டிக்கெட்டும் கிடையாது, அழுத்தும் கிடையாது. அப்படியானால், எல்லாரும் போயிருந்தால் வெளியே போன எண்ணிக்கை ஒன்று கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. உள்ளே யாரோ இருக்கிறார்கள்.

"நீங்க கிளம்புங்க தம்பி!"

"அதான் கணக்கு சரியா இருக்குன்னீங்களேக்கா!" என்றான் டிரைவர்.

"அதான் தம்பி இடிக்குது."

எழுபத்திரண்டு படி. படிக்கு ஒரு திட்டு வீதம் சேர்த்துக்கொண்டே ஏறினாள். உச்சியில், பீரங்கிக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏறிட்டேம்மா. இறங்கத்தான் முட்டி மடங்க மாட்டேங்குது. கத்திப் பாத்தேன், அலைச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல. போன்லயும் சிக்னல் இல்ல." அவர் குரல் கம்மிப்போயிருந்தது. "பூட்டிட்டுப் போயிட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

"பூட்டத்தான் சார் போனேன்."

சேர்த்து வைத்த எழுபத்திரண்டு திட்டில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. கீழே பஸ் தீப்பெட்டி மாதிரி நகர்ந்து மரங்களுக்குள் மறைந்தது. அவள் செருப்பைக் கழற்றி அவருடைய ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தாள். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கடலைப் பார்த்துக் கால்களை நீட்டிக்கொண்டாள்.