தூங்கும் கிருமிக்கு ஜிலேபி

அண்ணன் படுத்திருந்த வார்டில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை. "என் தங்கச்சி, கிருமியக் கொல்ற மருந்து செய்றா லா," என்று தாதியிலிருந்து தரை துடைப்பவர் வரை சொல்லி வைத்திருந்தார். நானோ ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்னப் புரதத்தோடு மாரடிப்பவள். அது மருந்தாக இன்னும் எத்தனை வருடம் ஆகும் என்று எனக்கே தெரியாது. ஆகாமலும் போகலாம்.

பாசிர் ரிஸ் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவருக்குக் கணுக்கால் முறிந்தது. எலும்பைச் சேர்க்க உலோகத் தகடு வைத்தார்கள். சர்க்கரை நோய் உள்ள உடம்பு. தகட்டில் கிருமி பிடித்துக்கொண்டது. தகட்டைக் கழற்றியும் விடாமல் எலும்புக்குள் இறங்கிவிட்டது. கால் தப்புமா என்று இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்றார் டாக்டர்.

"உன் மருந்து எப்படித்தான் வேலை செய்யுது?" என்று கேட்டார் அண்ணன். பஸ் ஓட்டுகிறவர், சுற்றி வளைத்தால் பிடிக்காது. கிருமியைச் சுற்றி ஒரு சுவர் உண்டு, வளர வளர அதைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன். செங்கல் தூக்கி வருகிறவனை என் புரதம் பிடித்து வைத்துக்கொள்ளும். கல் வராவிட்டால் சுவர் பலமிழக்கும், உள்ளே இருக்கும் அழுத்தம் தாங்காமல் கிருமி வெடித்துச் சாகும். அவர் நரம்பில் ஏறிக்கொண்டிருந்த மருந்தும் கிட்டத்தட்ட அதே வழிதான்.

"அப்ப ஏன் சாகல?"

"வளர்ற கிருமிதான் சுவர் கட்டும் அண்ணே. எலும்புக்குள்ள போனதுல பாதி தூங்குது. கட்டாததை எப்படித் தடுக்கிறது?"

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கிருமிக்குத் தீனி போட்டு, அது மளமளவென்று வளரும் நேரம் பார்த்துத்தான் புரதத்தை விடுவோம் என்பதையும் சொன்னேன். எங்கள் வெற்றியெல்லாம் அப்படி வந்ததுதான்.

அடுத்த நாளே அவருக்குச் சர்க்கரை எகிறியது. கட்டிலோர அலமாரியில் தாதி ஒரு பொட்டலத்தைக் கண்டெடுத்தார். தேக்கா கடைத்தெருவில் வாங்கிய ஜிலேபி. அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். "கெஞ்சினாரும்மா, என்ன செய்ய?"

அண்ணனுக்குக் கூச்சமே இல்லை. "கிருமிக்குச் சாப்பாடு போட்டாத்தானே எழுந்திரிக்கும்? எழுந்தா சுவர் கட்டும், மருந்து பிடிச்சிரும். நீதானே சொன்ன."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பொட்டலத்தைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் நான் தினமும் செய்வதும் அதைத்தானே. ஒரே வித்தியாசம், ஆய்வுக்கூடத் தட்டில் இருப்பது கிருமி மட்டும்தான். உடம்பில் சர்க்கரை ஏறினால் கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் சோர்ந்துபோகும். அதைச் சொன்னதும் அவர் முகம் தொங்கிப்போனது. இத்தனை வருடம் படித்த படிப்பு சொந்த அண்ணனின் ஒரு காலுக்கு உதவவில்லை.

வாரக் கடைசியில் காய்ச்சல் கூடியது. ஜிலேபி சாப்பிடாவிட்டாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று டாக்டர் ஆறுதலாகச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் பிழைக்கும் என்றும் சொன்னார். அண்ணி என்னைப் பார்த்தார். அண்ணனும் என்னைத்தான் பார்த்தார்.

"நீ சொல்லு. கையெழுத்துப் போடவா?"

"போடுங்க அண்ணே."

போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் கையைத் தட்டினார்.

"அழாத. உன் மருந்து மெதுவா வரட்டும். இன்னொரு கால் இருக்குல்ல."