உழவர்கரையில் போர்வை கொடுப்பவர்

புதுச்சேரிக்கு இனி வருவதில்லை என்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பு முடிவு செய்திருந்தேன். கடற்கரையும் மஞ்சள் சுவர்களும் பார்க்கத் திட்டமிடுகிறவர்கள் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம்; அவர்களுக்கு உதவும்படி இதில் எதுவும் இல்லை. எனக்கு இந்த ஊர் என்றால் ஒரு தனியார் மருத்துவமனையின் மூன்றாம் மாடி, அதன் நடையில் தரையோடு திருகி வைத்த இரும்பு நாற்காலிகள். என் மனைவி வசந்தி அங்கேதான் இறந்தாள்.

கடந்த நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, மறுபடி போனேன். காரணம் என் மைத்துனன். வசந்தி உள்ளே கிடந்தபோது மருத்துவமனைப் பக்கமே வராதவன், சாவு வீட்டில் வாசலில் நின்றுகொண்டு "அக்கா நிம்மதியாப் போயிட்டா" என்று எல்லோரிடமும் சொன்னான். அதை நான் மறக்கவில்லை, மறக்கும் எண்ணமும் இல்லை. அவனுக்கு மறுவுலகத்தில் பெரிய நம்பிக்கை. செத்துப் பிழைத்தவர்கள் பேசும் காணொளிகளை எனக்கு அனுப்பிக்கொண்டே இருப்பான். பார்க்காமல் அழித்துவிடுவேன். ஒன்றை மட்டும் ஏனோ பார்த்தேன்.

அதில் பேசியவர் சவரிராயன். உழவர்கரைக்காரர், தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். இதயம் நின்றுபோய், மார்பை அமுக்கி எழுப்பினார்களாம். அப்போது அவர் ஓரிடத்தில் இருந்தாராம். பகலா இரவா என்று தெரியாத வெளிச்சம். எலும்பைத் தொடும் குளிர். வெள்ளைத் துணிக்கு அந்தப் பக்கம், முகம் தெரியாத ஒரு பெண் போர்வை கேட்டுக்கொண்டே இருந்தாளாம். மறுவுலகத்தில் ஓர் ஆன்மா தன்னிடம் கேட்டுவிட்டது என்று, ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் இல்லாதவர்களுக்குப் போர்வை கொடுக்கிறார்.

அவர் சொன்னது அதே மருத்துவமனை, அதே ஆண்டு, அதே வாரம். வசந்தி கிடந்த தீவிர சிகிச்சைப் பிரிவிலும் விளக்கை அணைப்பதே இல்லை. கட்டிலுக்குக் கட்டில் வெள்ளைத் திரை.

"உள்ளே கொண்டுபோனதிலிருந்து அவருக்கு நினைவே இல்லை, எதுவும் தெரியாது" என்று வசந்தியைப் பற்றி டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அந்த மனிதரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் தூங்கியிருக்கிறேன். சவரிராயன் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும். அதை உறுதி செய்துகொள்ளவே போனேன்.

விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் மதியம் 12.40க்குப் பேருந்து ஏறினேன். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், கட்டணம் முப்பத்தைந்து ரூபாய். வழியெல்லாம் மழை. என் பக்கத்து ஜன்னலை மூட முடியவில்லை; நடத்துநரிடம் சொன்னேன், அவர் ஜன்னலைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்துவிட்டுப் போனார். ரெட்டியார்பாளையத்திலேயே இறங்கியிருக்கலாம், கல்லறை அங்கிருந்து பக்கம். தெரியாமல் பேருந்து நிலையம் வரை போய், அங்கிருந்து ஆட்டோவில் திரும்பி வந்தேன். இருநூற்றைம்பது கேட்டார், நூற்றெண்பதுக்கு முடிந்தது. இந்த ஊர் ஆட்டோக்களில் மீட்டரைத் தேடாதீர்கள்.

"இன்னிக்கி பூரா கல்லறை சவாரிதான் சார்," என்றார் ஓட்டுநர். "போறவங்களும் சீக்கிரம் திரும்ப மாட்டேங்கறாங்க. உள்ள இருக்கறவங்க ஒருத்தரும் திரும்பறதே இல்ல." அவரே சிரித்துக்கொண்டார். என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

மூன்று மணிக்கு முன்பே கல்லறைத் தோட்டம் நிரம்பியிருந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கல்லறைகள், மேலே செவ்வந்தி மாலைகள். தூறலில் அணையாமல் இருக்க ஒவ்வொரு மெழுகுவர்த்திக்கும் யாரோ குடை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு இடப்புறம் ஒரு நீலத் தார்ப்பாய். அதன் கீழே போர்வைக் கட்டுகள், ஏழெட்டுப் பேர்.

என்னைப் பார்த்ததும் ஓர் அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தார். பெயர் ஆண்டாள், வில்லியனூருக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்கவில்லை. "உங்களுக்கு யாரு?" என்று கேட்டார். அங்கே எல்லோரும் அப்படித்தான் அறிமுகமாகிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

"வீட்டுக்காரி," என்றேன்.

அவருக்கு மகன். பைக் விபத்து, இருபத்திரண்டு வயது. அவனை எரித்தது அவர்கள் ஊரில்; இந்தக் கல்லறையில் அவருக்கு யாரும் இல்லை. இருந்தும் மூன்று வருடமாக வருகிறாராம். "சாமி கும்பிடறது வேற வேறதான். குளிரு எல்லாருக்கும் ஒண்ணுதானே," என்றார். "அந்தம்மா கேட்டாங்கன்னா என் புள்ளையும் கேப்பான் இல்ல? கேக்கறான்னா, எங்கியோ இருக்கான்னுதானே அர்த்தம்?" நான் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டு வேதியியல் சொல்லிக்கொடுத்தவன்; பதில் என்னிடம் இருந்தது.

சவரிராயன் போர்வைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும், கனத்த கைகள், ஏமாற்றுக்காரருக்கு உரிய பேச்சு சாமர்த்தியம் கொஞ்சமும் இல்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. தனியே அழைத்து, வகுப்பில் காப்பியடித்தவனைக் கேட்பது போலக் கேட்டேன். குரல் எந்தப் பக்கம்? இடப் பக்கம். வயது? நடுத்தர வயது. வேறென்ன சொன்னாள்?

அவர் தயங்கினார். ஜெபக் கூட்டங்களில் சொல்லாத ஒன்று இருக்கிறதாம்.

"நான் பட்டறைக்காரன் சார். முப்பது வருசம் மோட்டார் சத்தத்துலயே இருந்தவன். அதனால என் மண்டையில ஓடினதுன்னு நெனச்சு விட்டுட்டேன். அந்தம்மா நடுவுல, 'மோட்டாரை நிறுத்தினாரான்னு கேளுங்க, வெளியிலதான் உக்காந்திருப்பாரு'ன்னு சொன்னாங்க. மேல போனா அங்க ஏது சார் மோட்டாரு?"

எங்கள் வீட்டுத் தொட்டி நிறைந்து வழிவதும், மோட்டாரை நிறுத்தச் சொல்லி வசந்தி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதும் தினமும் நடப்பது. அன்று காலை அவளை ஆம்புலன்ஸில் ஏற்றியபோதும் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இது மைத்துனனுக்குக்கூடத் தெரியாது.

ஆக, அவள் விழித்திருந்தாள். நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தே இருந்தாள்.

கடைசியாக ஒன்றுதான் கேட்டேன். "யாராவது குடுத்தாங்களா?"

"குடுக்கல சார்," என்றார். "சத்தம் நிக்கற வரைக்கும் கேட்டாங்க. யாராச்சும் குடுத்திருந்தா நான் ஏன் வருசா வருசம் குடுக்கப்போறேன்?"

அது மறுவுலகம் இல்லை, பக்கத்துக் கட்டில் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இதைப் பெருந்தன்மை என்று யாரும் பின்னூட்டத்தில் எழுத வேண்டாம். அவளுடைய கடைசிப் பேச்சைக் கேட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். அது வெறும் மருந்து மயக்கத்தில் கேட்டது என்று அவர் நினைத்துவிட்டால் அடுத்த வருடமே மறக்க ஆரம்பித்துவிடுவார். தார்ப்பாய்க்குக் கீழிருந்து ஆண்டாள் வேறு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சவரிராயன் ஒரு போர்வையை என் கையில் வைத்தார். வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவருக்குக் கொடுத்தேன். அவர் அதன் நெய்தலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "போன வருசத்துது கனமா இருந்துச்சு" என்றார். கொடுத்தால் மனம் லேசாகும் என்று ஆண்டாள் சொல்லியிருந்தார். ஆகவில்லை. 5.50க்குத் திரும்பும் பேருந்து ஏறினேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். நவம்பர் இரண்டாம் தேதி மூன்று மணிக்குள் போய்விடுங்கள். அதன் பிறகு வண்டி நிறுத்த இடம் கிடையாது. விழுப்புரத்திலிருந்து வந்தால் ரெட்டியார்பாளையத்தில் இறங்குங்கள். குடையும், போர்வை கொடுப்பதானால் கொஞ்சம் கனமான போர்வையும் கொண்டுபோங்கள். நடைபாதைக் கடைகளில் மெழுகுவர்த்தி கட்டு நாற்பது ரூபாய்.

இன்னொன்றும் உண்டு, அது எந்த ஊருக்குப் போனாலும் பொருந்தும். உங்கள் மனிதரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால், அவர்கள் காட்டும் நாற்காலியில் என்னைப் போல மரியாதையாக உட்கார்ந்திருக்காதீர்கள். கதவைத் தட்டுங்கள். துரத்தினால் மறுபடி தட்டுங்கள். குளிர்கிறதா என்று கேளுங்கள்.

மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் ஆம்புலன்ஸில் ஏறினேன். கதவுக்கு இந்தப் பக்கம் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வெளியே வந்து கேட்கவில்லை.