கைகாட்டி எறங்கிடுச்சு

டிரைவர் கண்ணையனுக்கு அந்தச் சனிக்கிழமை மலைக்குப் போக அறவே மனமில்லை. முதல் நாள் ராத்திரி முழுக்க எஞ்சினில் நின்றுவிட்டு வந்த அலுப்பு ஒரு பக்கம். அது படுத்து எழுந்தால் போய்விடும். மாதக்கணக்கில் ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு திரிகிற அலுப்பு இன்னொரு பக்கம். அது எந்தத் தூக்கத்துக்கும் மசியவில்லை.

பொய் இதுதான். கண்ணையனுக்கு மாலைக்கண் வந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. மனைவி அம்சாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவளும் முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல் என்று ஆக்கிப்போட்டுப் பார்த்துவிட்டாள். வெளியே சொன்னால் அன்றைக்கே எஞ்சினை விட்டு இறக்கிவிடுவார்கள். விழுப்புரம் ஷெட்டில் எஞ்சின் துடைக்கிற ஆளாகச் சேர்ந்து, கரி அள்ளி, கை காய்த்துப் போய், ஒருவழியாக ஏறி நின்ற இடம் அது. அந்தத் தெருவில் அவர் வீட்டுக்கே டிரைவர் வீடு என்றுதான் பேர். இறங்க மனசு வருமா?

கண் தெரியாமல் எப்படி ராத்திரி பாசஞ்சரைச் செங்கல்பட்டு வரை ஓட்டினார் என்று கேட்பீர்கள். எஞ்சினில் ஒரு வழக்கம் உண்டு. கைகாட்டி மரத்தின் கை இறங்கியிருந்தால் வண்டி போகலாம், இல்லாவிட்டால் நிறுத்த வேண்டும். அது கண்ணில் பட்டதும் டிரைவரோ கரி போடுகிற ஃபயர்மேனோ, யார் முதலில் பார்த்தாலும், உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் தானும் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். “கைகாட்டி எறங்கிடுச்சு” என்று ஒருவர் சொன்னால் “எறங்கிடுச்சு” என்று இன்னொருவர். இரண்டு பேர் பார்த்தால் தப்பு வராது என்பதற்காகத்தான் அப்படி வைத்தார்கள். கண்ணையன் என்ன செய்தார்? வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். ஃபயர்மேன் தாண்டவராயன் சொல்வான். இவர் கணீரென்று திருப்பிச் சொல்வார். அவ்வளவுதான் சூட்சுமம்.

அந்தத் தாண்டவராயன்தான் மலைக்குக் கூப்பிட்டவனும். வருஷத்தில் ஒருமுறை, மாசி மாதத்தில், லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் மூன்று பேர் கிளம்புவார்கள். மூன்றாவது ஆள் ஸ்டேஷன் வாசலில் டீக்கடை வைத்திருக்கும் அமீருதீன் பாய், கோட்டக்குப்பத்துக்காரர். திண்டிவனம் வரை ரயில், அங்கிருந்து செஞ்சி ரோட்டில் பஸ், பிறகு நடை. மொட்டையாக ஒரு பாறைக் குன்று. உச்சியில் அடுப்பு மூட்டி, கோழி அடித்துச் சாப்பிட்டு, வானத்தைப் பார்த்துப் படுத்துவிட்டு ஞாயிறு இறங்குவார்கள். நாள் முழுக்கத் தண்டவாளத்தோடு மாரடிக்கிறவனுக்குத் தண்டவாளமே இல்லாத ஓர் இடம் வேண்டாமா?

எல்லாம் சரி, பொழுதோடு ஏறியிருந்தால். பஸ் வழியில் மக்கர் பண்ணிவிட்டது. போதாக்குறைக்குப் பாய் ஒரு கோழிக்காக ஊர்க்காரப் பெண்பிள்ளையோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார். அடிவாரம் வந்தபோது சூரியன் பாறைக்குப் பின்னால் இறங்கியிருந்தது.

“கீழயே படுத்துக்கலாம்பா. ஒடம்பு முடியல” என்றார் கண்ணையன்.

“இன்னா டிரைவரே, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையாட்டம் வெக்கப்பட்றீங்க? ஜல்தியா ஏறுங்க” என்று சொல்லிவிட்டு, லாந்தரை முதுகில் கட்டிக்கொண்டு பாய் விறுவிறுவென்று மேலே போய்விட்டார்.

“நீ முன்னால போ தாண்டவராயா.”

“நல்லா இருக்கே! டிரைவரு பின்னாலயும் ஃபயர்மேன் முன்னாலயுமா? ஊரு சிரிக்கும் அண்ணே. நீங்க போங்க.”

மலையிலும் இவர்களுக்கு எஞ்சின் வழக்கம்தான். முன்னால் போகிறவர் “புடி இருக்கு” என்பார். பின்னால் வருகிறவர் “புடி இருக்கு” என்று திருப்பிச் சொல்லிவிட்டு அங்கே கையை வைப்பார். கயிறு மூட்டை இழுக்க மட்டுமே. ஆளைக் கட்டி இழுப்பது கேவலம் என்று ஒரு வீம்பு.

கண்ணையன் தடவித் தடவித்தான் ஏறினார். போன வருஷ ஞாபகம் பாதி, குருட்டு தைரியம் பாதி. பாறை ஒரே கறுப்பாக இருந்தது. கைக்கு எட்டிய ஒரு வெடிப்பைப் பற்றி வலது பக்கமாக எக்கி மேலே போய்விட்டார். இடது பக்கம் என்ன இருந்தது என்று அந்தச் சாமிக்குத்தான் வெளிச்சம்.

“அண்ணே, எடது பக்கம் புடி இருக்கா?”

தெரியலைப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் தெரியலை என்ற கேள்வி வரும். பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

“இருக்கு.”

“புடி இருக்கு” என்று திருப்பிச் சொன்ன தாண்டவராயன் முழு உடம்பையும் நம்பி இடது பக்கம் தாவினான். அங்கே மொழுமொழுவென்ற பாறைதான் இருந்தது. சரசரவென்று சறுக்கிக்கொண்டு போய்க் கீழே இருந்த திட்டில் விழுந்தான். “ஐயோ அம்மா!” என்ற அலறல் கேட்டுப் பாய் லாந்தரோடு இறங்கி ஓடி வந்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை. கரி அள்ளும் வலது கை மணிக்கட்டில் முறிந்து தொங்கியது.

பாய் சுள்ளியை வைத்துத் தன் துண்டைக் கிழித்துக் கட்டினார். கண்ணையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உடைந்தது தன் கையாக இருக்கக்கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. இனி இதைத் தூக்கிச் சுமக்கத் தெம்பில்லை.

“எனக்குக் கண்ணு தெரியலடா” என்றார். “பொழுது போனா ஒண்ணும் தெரியல. ரொம்ப நாளா. எஞ்சின்லயும் தெரியல. நீ சொல்றத வாங்கித்தான் திருப்பிச் சொல்லிக்கினு இருந்தேன்.”

“அல்லா காப்பாத்தினான். நல்லவேளை, இவன் ஒருத்தனாவது பாத்துக்கினு வந்தானே” என்றார் பாய்.

தாண்டவராயன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வலியால் என்று நினைத்தார் கண்ணையன். பாய் லாந்தரைப் பக்கத்தில் கொண்டுவந்தபோது அவன் முகம் ஈரமாக இருந்தது.

“அண்ணே, நான் எங்க பாத்தேன்?”

“இன்னாடா சொல்ற?” என்றார் கண்ணையன்.

“கரி மட்டமா வர்ற நாளு, மயிலம் தாண்டி ஸ்டீம் நிக்காது. குனிஞ்சிக்கினு அள்ளிப் போட்டுக்கினே இருப்பேன். அந்த நெருப்பப் பாத்த கண்ணுக்கு வெளிய இன்னா தெரியும்? திண்டிவனம் கைகாட்டி வர்ற எடம் சத்தத்துலயே தெரிஞ்சிடும். தலையத் தூக்காமலே எறங்கிடுச்சுன்னு கத்திடுவேன். தப்புன்னா நீங்க திட்டப்போறீங்க. நீங்கதான் கணீர்னு திருப்பிச் சொல்லிட்றீங்களே! அண்ணன் பாத்துட்டாருன்னு நான் பாட்டுக்குக் கரி போட்டேன்.”

தூரத்தில் கூ என்று ஒரு கூவல். ராத்திரி பாசஞ்சர் திண்டிவனத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு வேறு யாரோ ஓட்டுகிறார்கள். பாயும் தாண்டவராயனும் வரிசையாக நகர்ந்த வெளிச்சங்களைப் பார்த்தார்கள். கண்ணையனுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு தூங்குகிற பொம்பளைகள், சந்தைக்கு மல்லாட்டைக் கடலை மூட்டை கொண்டு போகிறவர்கள், அத்தனை பேரையும் இரண்டு வெறும் குரல்கள் இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன. கோழியின் கால் கட்டை அவிழ்த்து விட்டுவிட்டார் பாய். யாருக்கும் பசியில்லை.

விடிந்ததும் தாண்டவராயனைக் கட்டுப் போடுகிற வைத்தியரிடம் சேர்த்தார்கள். திங்கட்கிழமை கண்ணையன் தானாகப் போய் ஃபோர்மேனிடம் கண் விஷயத்தைச் சொன்னார். எஞ்சினை விட்டு இறக்கி, எண்ணெயும் பஞ்சும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோரில் போட்டார்கள். தெருவில் கொஞ்ச நாள் டிரைவர் வீடு என்று சொன்னார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அம்சாதான் அழுதாள். அவர் எத்தனையோ மாதம் கழித்து அடித்துப்போட்டதுபோல் தூங்கினார். முறிந்த கை எலும்பு கூடியதும் தாண்டவராயன் வேறொரு டிரைவரோடு போகத் தொடங்கினான். அவன் ஸ்டோருக்கு எண்ணெய் வாங்க வரும்போதெல்லாம் “தலையத் தூக்கிப் பாருடா” என்பார் கண்ணையன். “பாக்குறேன் அண்ணே” என்பான்.

அடுத்த மாசியில் மூவரும் மறுபடி போனார்கள். நல்ல வெயிலில், காலையிலேயே. இந்தத் தடவை தாண்டவராயன் முன்னால் ஏறினான்.

“புடி இருக்கு” என்று மேலேயிருந்து குரல் கொடுத்தான்.

பதில் வரவில்லை. குனிந்து பார்த்தான். கண்ணையன் கையைப் பாறையில் வைத்து, விரலால் விளிம்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“இர்றா. பாத்துட்டுச் சொல்றேன்.”

அவன் அங்கேயே தொற்றிக்கொண்டு காத்திருந்தான்.