காதால் படிக்கிறாள் என் மகள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், முழு ஆண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த சமயம். நாங்கள் இருப்பது புனேயில், கோர்படி பக்கம். கணவருக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. அவளுடைய இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் என்னைக் கூப்பிட்டு, "ஒரு பாராவைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை, இதே வகுப்பில் இன்னொரு வருஷம் இருக்கட்டும்" என்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அவளுக்கு எழுத்து பிடிபடாது. கற்றல் குறைபாடு என்று டாக்டர் சொல்லியிருந்தார்; புத்தியில் ஒரு குறையும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லியிருந்தார். பள்ளிக்காரர்களுக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. வகுப்பு மிஸ் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தச் சொன்னார். மொழி அதிகமாகிக் குழந்தை குழம்புகிறதாம். எங்கள் காலனியில் நாலு வயசுப் பிள்ளை அம்மாவிடம் தமிழும், காய்கறிக்காரரிடம் மராட்டியும், விளையாடும்போது ஹிந்தியும் பேசும். யாரும் குழம்பிப்போய்ப் படுத்ததாக நான் கேள்விப்படவில்லை. நிறுத்த மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன்.

போசரியில் ஒரு கம்பெனியில் இருக்கும் என் தம்பிதான் வழி காட்டினான். தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து, பாடத்தைப் போனில் படம் பிடித்து அதில் ஏற்றினால் அது வாசித்துக் காட்டும்படி செய்து கொடுத்தான். எந்தச் சொல்லை வாசிக்கிறதோ அந்தச் சொல் மஞ்சளாகும். வேகத்தைக் குறைக்கலாம், புரியாத வரிக்குத் திரும்பிப் போகலாம். அந்தக் குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் கிடையாது. ஆனால் எத்தனை தரம் கேட்டாலும் சலித்துக்கொள்ளாது. அந்தப் பொறுமை என்னிடமே இல்லை.

ஒரே வாரத்தில் பாடத்தைக் கேட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடிவந்து, கதையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் சப்பாத்தியைக் கருக விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். இவளுக்கா புரியவில்லை?

மறுநாளே பள்ளிக்குப் போய், பரீட்சையில் கம்ப்யூட்டர் வேண்டும் என்றேன். "அது படிப்பில்லை, காப்பி அடிப்பது மாதிரி" என்றார் மிஸ். நான் நேரே பிரின்சிபால் அறைக்குப் போனேன். என்னுடையது ரோட்டு ஹிந்தி. சண்டைக்கு அதுதான் லாயக்கு. "உங்கள் கம்ப்யூட்டர், உங்கள் கேள்வி. என் மகளுக்குப் புரியவில்லை என்றால், இதே வகுப்பில் இருக்கட்டும் என்று நானே கையெழுத்துப் போடுகிறேன்" என்றேன். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. தோற்றுப்போனால் ஒரு வருஷம் போவது என் பிள்ளைக்கு அல்லவா?

பிரின்சிபால் ஒப்புக்கொண்டு குறித்த நாளில், பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் நாங்கள் நாலே பேர். அவள் பார்த்திராத ஒரு பாராவை மிஸ் ஏற்றினார். ஒரு யானை, மரப்பாலத்தில் ஒரு காலை வைத்துவிட்டுப் பின்வாங்குகிறது. பாகன் அடித்தும் நகரவில்லை. மகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள், திரும்பப் போய்க் கேட்டாள், பிறகு கழற்றி வைத்தாள்.

மிஸ் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார், அதே மொழியில் பதில் சொல்ல அவளுக்கு வரவில்லை. மிஸ் பிரின்சிபாலைப் பார்த்தார். நான் விடவில்லை. "புரிந்ததா என்றுதானே பார்க்க வந்தோம்? ஹிந்தியில் கேளுங்கள் மேடம்" என்றேன். பிரின்சிபால் ஹிந்தியில் கேட்டார்: யானை ஏன் போகவில்லை?

இவள் தெருவில் விளையாடிக் கற்ற ஹிந்தியில் மடமடவென்று சொன்னாள். தமிழில் சொன்னால் இப்படி: "பாலம் தாங்காதுன்னு அதுக்குக் கால் வச்சதுமே தெரிஞ்சு போச்சு. பாகனுக்கு அவசரம், அவர் கீழே பாக்கவே இல்லை. தெரிஞ்சது யானைக்கு, அடி வாங்கினதும் யானை."

பிரின்சிபால் மிஸ்ஸிடம், விடைக்குறிப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டார். 'பாலம் பலவீனமாக இருந்தது' என்பது மட்டும்தான் இருந்ததாம். உடனே பிரின்சிபால், இவள் பரீட்சையை ஹெட்போனோடு இந்த அறையிலேயே எழுதட்டும் என்றார். என் கண்ணில் அப்போதுதான் தண்ணீர் வந்தது.

வாசல்வரை வந்த மிஸ் விடவில்லை. "வாழ்நாள் முழுக்க இதைத் தூக்கிக்கொண்டே அலைவாளா?" என்று கேட்டார். "அலையட்டும் மிஸ், உட்கார்ந்த இடத்திலேயே உட்கார வைப்பதைவிட அது மேல்" என்றேன்.

அவள் முதல் ரேங்க் ஒன்றும் வாங்கவில்லை. சுமாரான மார்க்கில் பாஸ் செய்தாள், இப்போது ஏழாவது படிக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் புது டீச்சர் வருகிறார், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சண்டை போட வேண்டியிருக்கிறது. போடுகிறேன். போன மாதம் ஒரு டீச்சர் இது படிப்பே இல்லை என்று ஆரம்பித்தபோது, நான் போய்ச் சண்டை போடுவதற்கு முன்பே மகளே வகுப்பில் எழுந்து, "பாடத்திலிருந்து என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் மிஸ்" என்றாளாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு பயமும் இல்லை. இனி அவளை யாரும் சும்மா உட்கார வைக்க முடியாது.