ரோமில் நான் பார்க்காத முதுகு

அந்த வரிகளை முதலில் எழுதிவிடுகிறேன். எத்தனை சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

“முன்னால் நிற்பவர்களுக்கு அவள் தாங்குவது தெரியும். பின்னால் போனால்தான் அவளால் தாங்க முடியவில்லை என்பது தெரியும். அவள் முதுகின் நடுவில், பளிங்கில், ஓர் இலையளவு நிழல் படிந்திருக்கிறது.”

ரோமின் பெரிய தேவாலயத்தில், நுழைந்ததும் வலப்பக்கம், இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் தாயின் சிலையைப் பற்றி எழுதியது. அதன் பின்னால் போய் நின்றேன் என்றும் எழுதினேன். நான் ரோமுக்குப் போனதில்லை.

புனேயில் தமிழர்கள் சிலர் கைக்காசு போட்டு ஒரு மாத இதழ் நடத்துகிறார்கள். உலகின் பெரும் சிற்பங்களை எங்கே போய் நேரில் பார்க்கலாம் என்று ஒரு தொடர் கேட்டார்கள். ஐந்து மாதம் எழுதினேன். ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் ‘எங்கே:’ என்று போட்டு ஊர்ப் பெயர் வரும். எங்கே: ஏதென்ஸ். எங்கே: கெய்ரோ. எங்கே: ரோம். பாணேரில் ஒன்பதாவது மாடியில், பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு, மடிக்கணினித் திரையை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி எழுதினேன். நான் உண்மையில் நேரில் பார்த்தது பாரிஸில் படிக்கட்டு உச்சியில் நிற்கும் தலையில்லாத சிறகுப் பெண்ணை மட்டும்தான். அலுவலக வேலையாகப் போன இடத்தில் நாற்பது நிமிடம் கிடைத்தது, அதில் பத்து நிமிடம் கழிப்பறை வரிசையில் போயிற்று. அப்புறம் கல்லூரிச் சுற்றுலாவில் பார்த்த மாமல்லபுரத்து யானைகள். லோணாவளா லோக்கல் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பாஜே குகைகள். இரண்டாயிரம் ஆண்டுக் கல் அங்கே மழையில் நனைந்துகொண்டிருக்கிறது. பத்தொன்பது வருடமாகப் புனேயில் இருக்கிறேன், அந்த ஸ்டேஷனில் இறங்கியதில்லை.

பார்க்காததை எழுதுவது கஷ்டம் என்பார்கள். எனக்கு அது கஷ்டமாக இல்லை, அதுதான் வெட்கம். புகைப்படங்கள் எல்லாம் முன்பக்கத்தையே காட்டின. முன்பக்கத்தைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியாகிவிட்டது. பின்பக்கம் காலியாக இருந்தது. காலி மனையைப் பார்த்தவன் வேலி போட்டுக்கொள்கிற மாதிரி அங்கே போய் நின்றுகொண்டேன். இதழ் வந்ததும் அந்த முதுகைத்தான் எல்லோரும் சொன்னார்கள். “பார்த்தவன் மட்டும்தான் இதை எழுத முடியும்” என்று ஒருவர் கடிதம் போட்டார். அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், மூன்றாம் முறையும் படித்தேன்.

அப்புறம் ஓர் அக்கா போன் செய்தார்.

“சார், மாதாவப் பத்தி எழுதினது நீங்கதானா? நான் சாங்வியிலருந்து பேசறேன். எனக்கு தமிழ் அவ்ளோ சட்டுனு படிக்க வராது. ஜெபப் புஸ்தகம் படிச்சுப் பழக்கம், அவ்ளோதான். உங்களுத மூணு நாளா எழுத்துக் கூட்டிப் படிச்சேன். நிஜமா பின்னால போய்ப் பாத்தீங்களா சார்?”

“பார்த்தேங்க” என்றேன். யாரோ மணி கேட்டதற்குச் சொல்கிற மாதிரி.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, பஸ் பிடித்து பாணேருக்கே வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். கணவர் கட்கி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். என் கட்டுரையின் பக்கத்தை இதழிலிருந்து பிளேடால் வெட்டி ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். சோபா நுனியில் உட்கார்ந்து அதைப் பிரித்து, இலையளவு நிழல் என்ற இடத்தில் விரலை வைத்தார்.

“இது எந்தப் பக்கம் சார்? தோளுக்குக் கீழயா, இடுப்புக்கு மேலயா?”

“நடுவில்” என்றேன்.

அவருக்கு ஒரே மகன். இரண்டு வருடம் முன்னால், மழையில், பழைய மும்பை ரோட்டில் கசார்வாடி தாண்டி, வேலை விட்டு வரும் வழியில், வண்டியோடு போய்விட்டான். அழாமல்தான் சொன்னார்.

“பெட்டி மூடற வரைக்கும் நான் அழுவல சார். எல்லாரும் வந்து முன்னால நின்னு பாத்தாங்க. பக்கத்து வீட்டு மராட்டிக்காரங்க ‘கித்தி ஹிம்மத் ஆஹே பாயீலா’ன்னாங்க, எவ்ளோ தைரியம் பாரு இந்தம்மாவுக்குன்னு. ஃபாதர்கூட அதத்தான் சொன்னார். பின்னால யாரும் வரல. உங்களுத படிச்சப்பதான், அட, ஒருத்தர் பின்னால போய்ப் பாத்திருக்காரே, மாதாவுக்கே அப்படித்தான் இருந்திருக்கேன்னு…” நிறுத்திவிட்டு டீயைக் குடித்தார். “எங்க கோவில்லருந்து மே மாசம் ரோமுக்கு யாத்திரை போறாங்க. பேர் குடுத்துட்டேன். வேற ஒண்ணும் வேணாம். அந்த முதுக ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன். பஸ், அவ்ளோதான்.”

சொல்வதற்கு அதுதான் நேரம். வாய் திறந்தேன்.

“நல்ல ஷூ போட்டுக்கங்க அக்கா. அங்க நிறைய நடக்கணும்.”

இதையும் ஏதோ இணையப் பக்கத்தில் படித்ததுதான்.

ஏப்ரல் முழுக்க எனக்குள் ஒரு பூனை நடந்துகொண்டே இருந்தது. சாங்விக்கு ஒரு போன் போதும். எண் இருக்கிறது, சாங்வி ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. எடுப்பேன், வைப்பேன். ஒருவேளை பின்னால் வழி இருக்கலாம், ஒருவேளை முதுகில் ஏதோ நிழல் இருக்கவும் செய்யலாம் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். இணையத்தில் தேடியும் பார்த்தேன். எழுதுவதற்கு முன் தேடவில்லை, எழுதிய பிறகு தேடினேன். தடித்த கண்ணாடி. சிலைக்கும் கூட்டத்துக்கும் நடுவே, நான் பிறப்பதற்கு முன்பே, யாரோ சுத்தியலால் அடித்த பிறகு வைத்தது. பின்னால் போவது என்கிற பேச்சே இல்லை. அன்றைக்கும் போன் செய்யவில்லை.

ஜூனில், முதல் மழை பெய்த வாரம், மறுபடி வந்தார். கையில் ஜெபமாலை ஒன்று, என் மனைவிக்கு. அப்புறம் ஒரு பொட்டலம். பிரித்தால், உள்ளங்கை அளவு சிலை. அதே தாய், அதே மகன், ஏதோ மாவில் வார்த்தது. தேவாலயத்துக்கு வெளியே கடையில் வாங்கினாராம். மேசையில் வைத்து மெல்லத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் தட்டை. இஸ்திரி போட்ட மாதிரி தட்டை. அதில் ஒரு ஸ்டிக்கர்.

“எல்லாக் கடையிலயும் திருப்பிப் பாத்துட்டேன் சார். எல்லாம் இப்படித்தான்.” சிரித்தார். “உள்ள கண்ணாடி வெச்சிருக்காங்க. இந்தாண்டயே நிக்கணும். நான் ஓரமா எட்டி எட்டிப் பாத்தேன், செக்யூரிட்டி வந்து போ போன்னுட்டான். மூணு தடவ வரிசைல வந்தேன். மூணு தடவயும் மூஞ்சிதான் தெரியுது.”

நான் சிலையின் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க போனப்ப கண்ணாடி இல்ல போல, இல்லயா சார்?”

என் முகத்தையே பார்த்துக் கேட்டார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பவரைப் போல.

“ஆமாக்கா. அப்ப இல்ல.”

அவர் போன பிறகு, டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டே என் மனைவி கேட்டாள்: “ஏனுங்க, நீங்க ரோமுக்குப் போனப்ப நான் எங்கீங்க இருந்தேன்?” அவளுக்கும் எனக்கும் பாஸ்போர்ட் ஒரே டிராயரில்தான் இருக்கிறது. கிளாஸ்களைக் கழுவுகிற சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

மகனின் வருஷ பூசைக்கு அக்கா கூப்பிட்டார். போகாமல் இருந்திருக்கலாம். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்பதற்கும் ஒரு பொய் சொல்ல வேண்டும். போனேன். பூசை முடிந்து சாங்வி வீட்டில் சாப்பாடு. கூடத்தில் பாய் விரித்து, சோறு, மட்டன் குழம்பு, ரசம். அலமாரி மேல் மகனின் படம், அதற்குப் பக்கத்தில் அந்தத் தட்டை முதுகுச் சிலை, முதுகு சுவரைப் பார்க்க. எனக்கு எதிரில் யாத்திரைக்குக் கூடப் போன ஒரு பெண். வாயாடி. சாப்பிடுகிறவர்களைச் சிரிக்க வைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது போல.

“இவர்தானா அந்த சாரு? முதுகப் பாத்த சாரு? ஐயோ சார், உங்களால இவ எங்களப் படுத்தின பாடு! கைடு கையப் புடிச்சுகினு ‘பேக் சைடு, பேக் சைடு’ன்னு ஒரே ரகள. அந்தாளு சொல்றான், கண்ணாடி போட்டு அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுக்கு முன்னயே பின்னால யாரையும் விட்டதில்லன்னு.” என் முடியைப் பார்த்தார், தலையைச் சாய்த்து. “சாருக்கு என்ன வயசு? மிஞ்சிப் போனா அம்பது? சிறகு கிறகு வெச்சுப் பறந்து போய்ப் பாத்தாரா?”

பாயில் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கரண்டியோடு வந்தார்.

“நீ வாய மூடிகினு சாப்புடு. சார் எலயில சோறு தீந்துடுச்சு பாரு” என்று எனக்குப் போட்டார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

அந்தச் சோற்றைப் பிசைந்தேன். கைடு சொன்னபோது அக்காவும் அங்கேதான் நின்றிருக்கிறார். ‘நீங்க போனப்ப கண்ணாடி இல்ல போல’ என்று என் வீட்டில் உட்கார்ந்து கேட்டபோது இவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே கேட்டிருக்கிறார். நான் உண்மையைச் சொல்வதற்கு ஓர் இடம் விட்டுவைத்திருக்கிறார், இலை விரித்துத் தண்ணீர் தெளித்து வைக்கிற மாதிரி. நான் அந்த இடத்தில் இன்னொரு பொய்யைக் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். பிசைந்த சோற்றில் ரசத்தை ஊற்றி இறக்கினேன்.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். அக்கா அங்கே அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா. நான் ரோமுக்குப் போனதே இல்ல.”

சுரண்டுவது நிற்கவில்லை. “தெரியும்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

“போறதுக்கு முன்னாலயே சொல்லியிருக்கணும்.” கரண்டியை அண்டாவுக்குள் போட்டார். “எனக்குக் கால் வீங்கிப் போச்சு. அதப் பத்தி ஒண்ணுமில்ல. கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னுகினு, வெளிய வந்து, பஸ்ல ஒக்காந்து, என்ன நெனச்சேன் தெரியுமா? அப்ப மாதாவும் முன்பக்கம் மட்டும்தானா, எனக்கு மட்டும்தான் பின்னால இப்படியான்னு. அத ஒரு மாசம் வெச்சிருந்தேன். அதுக்கு என்ன சொல்றீங்க?”

கையைக் கழுவிக் குழாயைத் திருகி மூடினேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த எலமாதிரி நெழலு. அது சும்மா எழுத வராதுன்னு எனக்குத் தோணுது. அது யாரு முதுகு?”

யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. எழுதும்போது அது எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் கூடத் திரும்பிப் பார்க்காமல் ரோமில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

“எங்க அம்மாவோடது” என்றேன். “அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டாந்து போட்ட அன்னிக்கு. எனக்குப் பதினோரு வயசு. அம்மா தலைய மடியில வெச்சு உக்காந்திருந்தாங்க. நான் பின்னால கதவோரம் நின்னேன். ஜாக்கெட்டுல, நடு முதுகுல, வேர்வை அப்படித்தான் இருந்துச்சு. முன்னால போகல. முகத்தப் பாக்கப் பயந்துட்டு கடைசி வரைக்கும் போகவே இல்லக்கா.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். ஜெபப் புத்தகத்தோடு வந்தார். அந்தப் பக்கத்தை எடுத்து, மாவு டப்பாவின் மூடி மேல் விரித்து, காலண்டரில் தொங்கிய பேனாவைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார்.

“‘எங்கே’ன்னு மேல போட்டிருக்கீங்களே, அத அடிங்க. சரியான ஊர எழுதுங்க.”

ரோமை அடித்தேன். ஈரக் கையில் மை இழுகியது. பக்கத்தில் எழுதினேன்: ஒண்டிப்புதூர், மில் லைன் வீடுகள், மூன்றாவது வீடு.

அவர் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, ஊர்ப் பெயர் முழுக்கப் படித்தார். இரண்டு தரம்.

“அம்மா இருக்காங்களா?”

“இருக்காங்க. அதே வீட்லதான்.”

“அங்க கண்ணாடி எதுவும் இல்லியே?”

“வாரா வாரம் வீடியோல பேசிடுவேங்க்கா.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முதன்முறையாக சார் என்று கூப்பிடாமல் வேறு மாதிரிக் கூப்பிட்டார்.

“நடுவுல கண்ணாடி இருக்கான்னுதான் கேட்டேன், தம்பி.”